கிரீஸ் நாட்டு எள்ளு மிட்டாய்

தட்டில் ஊற்றி முக்கால் மணி நேரம் ஆகியும் மிட்டாய் இன்னும் ரசம் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

சுருளிராஜன் தட்டை இடது பக்கம் சாய்த்தார். எள்ளெல்லாம் இடது பக்கம் போயிற்று. வலது பக்கம் சாய்த்தார். போன எள்ளெல்லாம் திரும்பி வந்தது.

"இறுகிருச்சாங்க?" என்று கூடத்திலிருந்து மனைவி மகாலட்சுமி குரல் கொடுத்தாள்.

"இறுகிக்கிட்டே இருக்கு."

"அப்ப என்ன அங்கன சலக் சலக்குனு சத்தம்?"

சுருளிராஜன் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்து. சாயங்காலம் மூன்று மணிக்குப் போடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மகள் சினேகாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவர்கள் சினேகாவுக்குப் பன்னிரண்டாவது மாப்பிள்ளை வீட்டார்.

முந்தைய பதினோரு பேரும் ஓடிப்போனதற்கு சினேகா காரணமில்லை. பெண்ணுக்கு என்ன குறை? தேனியில் ஒரு வங்கியில் வேலை, லட்சணமான முகம், யாரையும் சிரிக்க வைக்கிற பேச்சு. காரணம் சுருளிராஜனின் வாய். முப்பத்து நான்கு வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். ஒரே தோட்டத்தை மூன்று பேருக்கு விற்றவனையும், செத்துப்போன அண்ணனின் கைநாட்டை வைத்தவனையும் கண்ணெதிரே பார்த்தவர். அதனால் மாப்பிள்ளை என்று யார் வந்து உட்கார்ந்தாலும் அவர் கண்ணுக்கு வில்லங்கம் உள்ள மனையாகத்தான் தெரிந்தார்கள்.

சின்னமனூர் மாப்பிள்ளையிடம் மூன்று வருடத்துச் சம்பளச் சீட்டு கேட்டார். ஆண்டிபட்டி மாப்பிள்ளையின் தாத்தா எப்படி இறந்தார் என்று விசாரித்தார். "வயசாகித்தான்" என்று அவர்கள் சொன்னதும், "அதுக்கு ஏதாச்சும் சான்று வச்சிருக்கீகளா?" என்றார். தேவதானப்பட்டிப் பையன் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று கொல்லைப்பக்கம் போனான். அவன் பஸ் ஏறிப் போய்விட்டது அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

இந்த முறை மகாலட்சுமி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "இதுவும் உங்க வாயால கெட்டுச்சு, நான் எங்க அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிருவேன். அப்புறம் உக்காந்து சுவத்தைப் பாத்துக் கேள்வி கேட்டுக்கிட்டு இருங்க."

சுருளிராஜன் ஒரு கேள்வியும் கேட்பதில்லை என்று சத்தியம் செய்தார். செய்துவிட்டு, ஒரு முழுநீளத் தாளின் இரண்டு பக்கமும் முப்பத்திரண்டு கேள்விகளை எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கேள்வி இல்லை, வெறும் சந்தேகம்தான் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மிட்டாய் விவகாரத்தைத் தொடங்கி வைத்ததும் அதே வாய்தான். போன வியாழக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா உமாதேவி போன் செய்திருந்தாள்.

"அண்ணே, பையன் ஆறு வருசமா கிரீஸ் நாட்டுல கப்பல் பட்டறையில இஞ்சினியரா இருக்கான்ல, நம்ம கேசரி, பஜ்ஜியெல்லாம் அவனுக்கு ஒத்துக்கிறது இல்ல. அங்கன பஸ்தேலினு ஒரு மிட்டாயாம். எள்ளும் தேனும் போட்டுச் செய்வாகளாம். அதுன்னா அவனுக்கு உசுரு."

'அப்படியா' என்று கேட்டுவிட்டுப் போனை வைத்திருக்கலாம். சுருளிராஜனின் வாய் சும்மா இருக்கவில்லை. "பஸ்தேலிதானே? எங்க சினேகா கண்ணை மூடிக்கிட்டுச் செய்யும்மா!"

சினேகா அதைக் கேட்டதும் தலையில் கை வைத்தாள். "அப்பா, எனக்கு வெந்நியே ஒழுங்கா வைக்கத் தெரியாது!" பிறகு அப்பா முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டவளாக, "சரி விடுங்க. செய்முறையைத் தேடி எடுத்து அனுப்புறேன். நீங்க செஞ்சிருங்க, நான் செஞ்சேன்னு சொல்லிக்குவோம்" என்றாள்.

மகாலட்சுமி உதவிக்கு வர மறுத்துவிட்டாள். "வாயைக் குடுத்தது நீங்க. கரண்டியையும் நீங்களே பிடிங்க. அது என்ன பெரிய மிட்டாய், நம்ம எள்ளுருண்டைதானே?"

"எள்ளுருண்டைன்னா வெல்லம், இது தேன். அது உருண்டை, இது சப்பட்டை. ரெண்டும் வேற வேற சர்வே நம்பர்."

இப்படியாகத்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அடுப்படியில் நின்றுகொண்டு தட்டை ஆட்டிக்கொண்டிருந்தார். சினேகா அழகு நிலையத்துக்குப் போயிருந்தாள். போனில் கூப்பிட்டார்.

"ஆத்தா, மிட்டாய் ஓடுது."

"எவ்வளவு நேரம் காய்ச்சுனீக?"

"பொங்குச்சு, இறக்கிட்டேன்."

"பால் இல்லப்பா அது! மறுபடி சட்டியில ஊத்திக் காய்ச்சுங்க."

ஊற்றினார். காய்ச்சினார். ஐந்து நிமிடத்தில் அடுப்படி முழுக்கப் புகை. புகையோடு ஒரு வாடையும் வந்தது. வெல்லப்பாகு வாடை. போன வாரம் கம்பத்துச் சாலையோரத்தில், 'கலப்படம் என்று நிரூபித்தால் ஆயிரம் ரூபாய் பரிசு' என்று பலகை மாட்டியிருந்த ஆளிடம் வாங்கிய தேன் அது. மாவட்டத்தின் பெயரையே தேனி என்று வைத்துக்கொண்டு ஒரு படி நல்ல தேனுக்கு இந்தப் பாடு.

மகாலட்சுமி புகையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். "என்னங்க இது இப்படிக் கறுத்துப் போச்சு?"

"தீஞ்சிருச்சு."

"தேன் சரி. எள்ளும் கறுப்பா இருக்கே?"

"எள்ளு வாங்கினப்பவே கறுப்புத்தான்."

மகாலட்சுமி போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. "பொண்ணு பாக்க வர்றவுகளுக்குக் கறுப்பு எள்ளா? திதி குடுக்கவா வர்றாக? வெளங்குமா இந்தக் குடும்பம்?"

சுருளிராஜனுக்கும் அப்போதுதான் உறைத்தது. ஆனால் வீட்டில் இன்னும் அரை கிலோ கறுப்பு எள் மிச்சம் இருந்தது. தோலை எடுத்துவிட்டால் கறுப்பு எள்ளும் வெள்ளை எள்தானே? ஊற வைத்தார். துண்டில் போட்டுத் தேய்த்தார். துண்டு கறுத்தது, எள் வெளுக்கவில்லை. மிக்சியில் போட்டு ஒரே ஒரு சுற்றுச் சுற்றினால் தோல் கழன்றுவிடும் என்று தோன்றியது. சுற்றினார். ஜாரைத் திறந்தால் உள்ளே குழைத்த சிமெண்டு இருந்தது.

மகாலட்சுமி அதைப் பார்த்தாள். பஜ்ஜி மாவையும் மண்ணெண்ணெய் அடுப்பையும் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

சுருளிராஜன் மொபெட்டை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு விரைந்தார். வெள்ளை எள் கிடைத்துவிட்டது. உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், வருசநாட்டு ராக்கப்பன் ஒரு வாளி நிறையத் தேனடை வைத்து விற்றுக்கொண்டிருந்தான்.

"சுத்தமான தேனா?"

"சுத்தம் சார்."

"எந்தக் காடு? எந்த மரம்? என்னைக்கு எடுத்தது? கூட யாரு இருந்தாக?"

"கிழக்கால காடு, இலவமரம், முந்தாநாத்து. கூட எம் மச்சினன் இருந்தான்."

"இதுக்கெல்லாம் ஆதாரம்?"

ராக்கப்பன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "ஆதாரம் வேணும்னா தேனீகிட்டதான் சார் கையெழுத்து வாங்கிட்டு வரணும். எதுக்கு இம்புட்டுத் தேன்?"

"கிரீஸ் மிட்டாய் செய்ய."

"வண்டிக்கு அடிக்கிற கிரீஸா?"

"அது ஒரு நாடுய்யா!"

"நாடோ காடோ, பிழிஞ்ச தேன்ல உங்களுக்குச் சந்தேகம் தீராது. அடையோட கொண்டு போங்க. இதைவிடச் சான்று ஒலகத்துல கெடையாது."

அந்த வார்த்தை சுருளிராஜனுக்குப் பிடித்துப்போயிற்று. பெரிய அடையாகப் பார்த்துப் பாலித்தீன் பையில் போட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பையைப் பிரித்தபோதுதான், சான்றோடு நான்கைந்து சாட்சிகளும் கூடவே வந்திருப்பது தெரிந்தது.

முதல் சாட்சி அவருடைய இடது காதைக் கொட்டியது. மற்றவை ட்யூப் லைட்டைச் சுற்றிப் பறந்தன. புகை போட்டால் தேனீ போய்விடும் என்று தேங்காய்நாரைக் கொளுத்தினார். தேனீக்கள் போகவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் குடத்தோடு வந்துவிட்டார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்லி அனுப்பி, ஜன்னலைத் திறந்து தேனீக்களை வழியனுப்பிவிட்டு, தேனைப் பிழிந்து அடுப்பில் ஏற்றியபோது பன்னிரண்டரை மணி. இடது காது பூரி மாதிரி உப்பியிருந்தது.

காட்டுத்தேன் நுரை நுரையாகப் பொங்கி அடுப்பை இரண்டு முறை அணைத்தது. மூன்றாம் முறை அடங்கிப் பாகாகக் குழைந்து வந்தது. வீடு முழுக்க நல்ல மணம். மணம் பிடித்து மகாலட்சுமியே மனமிரங்கி வந்து, ஒரு சொட்டை எடுத்துக் கிண்ணித் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தாள்.

"உருட்டுப் பதம் வந்துருச்சு. இறக்குங்க."

சுருளிராஜன் போனை எடுத்தார். "ஆத்தா, அம்மா இறக்கச் சொல்றா."

"அம்மாவுக்கு எள்ளுருண்டைப் பதம்தான்பா தெரியும். இன்னும் அஞ்சு நிமிசம் காய்ச்சுங்க."

ஐந்து நிமிடம் போயிற்று. "ஆத்தா, கரண்டி நகர மாட்டேங்குது."

"இன்னும் மூணே நிமிசம்பா. அவசரப்படாதீக. என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு."

மகள் அப்படிச் சொன்னபிறகு எந்த அப்பன் அடுப்பை அணைப்பான்? மூன்று நிமிடம் காய்ச்சி, வறுத்த எள்ளைக் கொட்டி, இரண்டு கையாலும் கிளறி, எண்ணெய் தடவிய தட்டில் பரப்பினார். பொன் நிறத்தில் மினுமினுவென்று இருந்தது. சுருளிராஜன் பெருமூச்சு விட்டார். காலையிலிருந்து முதல் முறையாக நிம்மதி.

பத்து நிமிடம் கழித்துக் கத்தியை வைத்தார். கத்தி வளைந்தது. அரிவாளை வைத்தார். அரிவாள் எகிறியது. தட்டைக் கவிழ்த்துத் தட்டினார், மிட்டாய் அசையவில்லை. கடைசியில் சுத்தியலையும் உளியையும் கொண்டுவந்து ஓங்கி ஒரு போடு போட்டார். மிட்டாய் உடைந்தது. ஒரு சில்லு மட்டும் பறந்து போய்ச் சுவர்க்கடிகாரத்தில் மோதியது. ஆனால் அவருக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகச் சாய்சதுரத்துக்குச் செதுக்க ஆரம்பித்தார்.

இடையில் சினேகா வந்தாள். ஒரு துண்டை எடுத்துத் தரையில் தட்டினாள். 'டக்' என்றது. "அருமையா வந்துருக்குப்பா!" என்று அப்பாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் புடவை மாற்றப் போனாள்.

சுருளிராஜன் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றே முக்கால். இன்னும் நேரம் இருக்கிறது. செதுக்கினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தார். ஒன்றே முக்கால். 'நமக்கும் வேலை சுறுசுறுப்பா ஓடுதே' என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

வாசலில் கார் ஹாரன் கேட்டது.

லுங்கியும் பனியனும் உளியுமாக நின்ற சுருளிராஜன், ஆணியில் தொங்கிய சட்டையை மாட்டி வேட்டியைச் சுற்றிக்கொண்டு கூடத்துக்கு ஓடி வருவதற்குள் அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். உமாதேவி, மாப்பிள்ளையின் சித்தப்பா, மாப்பிள்ளை சூரியபிரகாஷ். பையன் நல்ல உயரம், கடல்காற்றில் கறுத்த முகம்.

"வாங்க வாங்க" என்று கும்பிட்டார். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கும்பிட்ட கையைப் பிரிக்கவே சிரமமாக இருந்தது.

"எம்புட்டு மரியாதையா கும்புடுறாக!" என்று உமாதேவி சித்தப்பாவிடம் முணுமுணுத்தாள்.

சினேகா தட்டோடு வந்தாள். சூரியபிரகாஷ் மிட்டாயைப் பார்த்ததும் கண்ணை மூடி மூச்சை இழுத்தான். "பஸ்தேலி! ஏதென்ஸ்லயே இருக்குற மாதிரி இருக்கு." பிறகு இருப்பதிலேயே பெரிய துண்டாகப் பொறுக்கி எடுத்துச் சுருளிராஜனிடம் நீட்டினான். "பெரியவுகதான் மாமா முதல்ல சாப்பிடணும். அங்கன அதுதான் முறை."

மாமா என்று ஒருவன் வாய் நிறையக் கூப்பிட்டுக் கொடுக்கும்போது எப்படி மறுப்பது? வாங்கி வாயில் போட்டுக் கடைவாயால் ஒரு கடி கடித்தார்.

மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்ந்துகொண்டன.

அவர் பதறவில்லை. மெதுவாகத் திறந்து பார்த்தார். திறக்கவில்லை. முதல் கேள்வியைக் கேட்டால் தானாகத் திறந்துவிடும் என்று நினைத்து, 'மாப்ள, உங்க பாஸ்போர்ட் எண் என்ன?' என்று கேட்டார்.

"ம்ம்ம், ம்ம் ம்ம்ம்ம் ம்ம் ம்ம்?" என்றுதான் வெளியே வந்தது.

"மிட்டாய் பிரமாதமா இருக்குன்றாக" என்றாள் சினேகா.

சட்டைப்பையிலிருந்து கேள்வித்தாளை உருவினார். தேன் விரல் பட்டதும் மடிப்பு மடிப்போடு ஒட்டிக்கொண்டது. பிரித்தார், கிழிந்தது. முப்பத்திரண்டு கேள்வியும் கையில் அப்பளம் மாதிரி நொறுங்கியது. கடைசியாக, ஜாதகக் கட்டம் பார்க்க வேண்டாமா என்பதைக் காற்றில் பெரிய சதுரம் போட்டு, அதற்குள் குறுக்கும் நெடுக்கும் கோடு இழுத்துக் காட்டினார்.

உமாதேவி பதறிப்போனாள். "அய்யய்யோ, வீடெல்லாம் கட்டித் தர வேணாம்ணே! எங்களுக்குப் பொண்ணு மட்டும் போதும்."

அவர் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். "பாருங்க, கட்டித் தந்தே தீருவேங்கிறாக" என்று சித்தப்பா நெகிழ்ந்துபோனார்.

அதற்கு மேல் போராட முடியாமல் சுருளிராஜன் நாற்காலியில் சாய்ந்தார். வாய் அடைத்துக்கொண்டதால் காது வேலை செய்யத் தொடங்கியது. நல்ல காது ஒன்றுதான் இருந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. சூரியபிரகாஷ் யாரும் கேட்காமலேயே தன் சம்பளத்தைச் சொன்னான். அப்பா இறந்தபின் தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்ததைச் சொன்னான். அங்கே தனியாகச் சமைத்து, வாரம் ஒருமுறை ரசம் வைத்து, அது ஒருமுறைகூட ரசமாக வராததைச் சொன்னான். சினேகா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

பதினோரு மாப்பிள்ளைகள் வந்துபோன இந்தக் கூடத்தில் மகள் சிரித்து அவர் பார்த்ததே இல்லை. அப்போதெல்லாம் தன் கண் தாளில் இருந்தது என்பது நினைவுக்கு வந்தது.

உமாதேவி எழுந்து நின்றாள். "தை மாசம் முகூர்த்தம் வச்சுக்கிருவோமாண்ணே?"

மகாலட்சுமி மூச்சைப் பிடித்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள். சுருளிராஜன் மகளைப் பார்த்தார். பிறகு, இந்த முறை யாரும் தப்பாக நினைக்க முடியாதபடி, மெதுவாக மேலும் கீழும் தலையசைத்தார்.

வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. போகும்போது உமாதேவி கண் கலங்கச் சொன்னாள். "பொண்ணு வீட்டுல போலீசு மாதிரி விசாரிப்பாகனு பயந்துக்கிட்டே வந்தேன்ணே. நீங்க ஒரு வார்த்தை கேக்கலையே. நீங்க மனுசன் இல்ல, தங்கம்."

"ம்ம்" என்றார் தங்கம்.

வெந்நீரை வாயில் வைத்து வைத்து, தாடை திறந்தபோது மணி ஐந்தேகால். மிட்டாயோடு கடைவாய்ப் பல்லுக்குப் போட்டிருந்த உறையும் கழன்று வந்துவிட்டது.

மறுநாள் காலையில் அதை ஒரு காகிதத்தில் பொதிந்துகொண்டு, கம்பத்தில் குடும்பத்துக்கே பல் பார்க்கிற டாக்டர் ஜெபஷீலாவிடம் போனார். நாற்காலியில் மல்லாந்து கிடந்தபடியே முந்தைய நாள் கதை முழுவதையும் சொன்னார். சொல்லச் சொல்லப் பெருமிதம் வந்தது.

"கடைசியில பாத்தீகளா டாக்டரம்மா, நான் ஒரு வார்த்தை பேசல. நானா யோசிச்சு, நானா தலையாட்டி, நானாத்தான் இந்தக் கல்யாணத்தை முடிச்சு வச்சேன்."

"வாய் எவ்வளவு நேரம் சார் ஒட்டியிருந்துச்சு?"

"ரெண்டேகால் மணி நேரம்."

உறையைத் துடைத்துக்கொண்டிருந்த டாக்டரின் கை நின்றது.

"ரெண்டேகாலா? போன மாசம் சினேகாவும் லீவுல வந்த மாப்பிள்ளையும் ஒண்ணா வந்து, ‘பல்லுக்குச் சேதமில்லாம வாய் மட்டும் ஒட்டணும் டாக்டர்’னு கேட்டப்பவே, ஒரு மணி நேரத்துக்கு மேல தாங்காதுன்னு சொல்லித்தானே சார் அந்த மிட்டாயை எழுதிக் குடுத்தேன்!"